பளபளப்பு ஏமாற்றலாம்: உலோகத்தைத் தேய்க்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கார் எஞ்சின் ஒன்றைப் பட்டறையில் பிரிக்கிறார்கள். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்த உலோகப் பரப்புகளைச் சுழலும் தேய்ப்புச் சக்கரத்தால் சுத்தம் செய்கிறார்கள். சில நிமிடங்களில் உலோகம் புதிதுபோல் மின்னுகிறது. புதிய கேஸ்கெட் வைத்து, மூடி, புதிய எண்ணெய் ஊற்றி, காரை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். பார்ப்பவர் எல்லாரும் பாராட்டும் வேலை. ஆனால் கொஞ்ச காலத்திலேயே அந்த எஞ்சின் உள்ளுக்குள் அரிக்கப்பட்டுப் பழுதாகிவிடலாம்.

கார் தயாரிப்பாளரான ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2000களில் தன் கார்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இதைப் பற்றியே எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது. அந்தச் சக்கரங்களிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எஞ்சினுக்குள் விழுகின்றன. அவற்றில் மிக நுண்ணியவை எண்ணெய் வடிகட்டியில் சிக்குவதில்லை. எண்ணெயோடு சேர்ந்து ஓடி, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளைத் தேய்த்துவிடுகின்றன. ஆகவே, இத்தகைய சக்கரங்களைத் தவிர்த்துச் சுரண்டியைப் பயன்படுத்தும்படி அந்தக் குறிப்பு கூறியது.

சுத்தம் செய்யப் பயன்படுத்திய பொருளே அழுக்காக மாறிய கதை இது.

உயர்நிலைப் பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்துக்காக அலுமினியத் தகட்டைத் தேய்ப்பவரும், பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ இயந்திரப் பாகங்களைக் கையாள்பவரும், வீட்டில் சைக்கிளைப் பிரித்துத் துடைப்பவரும் ஒரே முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு தேய்ப்பது? பெரும்பாலோர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறோம். அல்லது, "நம்பர் கூடினால் நல்லது", "கடினமாக இருந்தால் வேகமாக வேலை முடியும்" என்ற பொது நம்பிக்கையில் வாங்குகிறோம்.

உண்மையில் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். எதை நீக்க வேண்டும்? எது அப்படியே இருக்க வேண்டும்?

தமிழ்ப் பெயர் கொண்ட கல்

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமானால் அது பொதுவாக அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை வைத்து 1812ல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் ஓர் அளவுகோல் அமைத்தார். 1 முதல் 10 வரை செல்லும் அதில் வைரத்துக்கு 10, கொரண்டத்துக்கு 9, மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. சாதாரண எஃகு 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். கடினமாக்கப்பட்ட எஃகு 6க்கு மேல் போகும். செம்பு ஏறக்குறைய 3. அலுமினியம் அதைவிடச் சற்றுக் குறைவு.

இதில் 'கொரண்டம்' என்ற பெயர் நமக்கு அந்நியமானதன்று. தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது என ஆங்கில அகராதிகள் குறிப்பிடுகின்றன. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் செய்த சாணைச் சக்கரங்களால் இந்தியாவில் கத்திகளுக்கும் மணிகளுக்கும் சாணை பிடித்தார்கள். மாணிக்கமும் நீலமும் இதே கனிமத்தின் நிறம் கலந்த வடிவங்கள்தாம். வேதியியல் பெயர் அலுமினியம் ஆக்சைடு. இன்று பாக்சைட்டிலிருந்து மின் உலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படும் இதுவே பட்டறைகளின் மணல்தாள்களிலும், அரைக்கும் சக்கரங்களிலும், சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறத் தேய்ப்பான்கள் பலவற்றிலும் இருக்கிறது.

இதைவிடக் கடினமானது சிலிக்கன் கார்பைடு. 1891ல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் வேறு சோதனை செய்துகொண்டிருந்தபோது கிடைத்த பொருள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு நிறத் தாள்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இதன் துகள்கள் கூர்மையானவை. ஆனால் எளிதில் உடைபவை. உடையும்போது புதிய கூர்முனைகள் வெளிப்படும். அலுமினியம் ஆக்சைடோ அவ்வளவு கூர்மையற்றது. ஆனால் அடி தாங்கும்.

கடினமானதே சிறந்ததா?

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வைரத்தையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது.

வைரம் என்பது கரிமம். எஃகு வேகமாக அரைக்கப்படும்போது தொடும் இடத்தில் வெப்பம் மிக அதிகமாகும். அந்த வெப்பத்தில் கரிமம் இரும்பில் கரையத் தொடங்கும். உலகின் மிகக் கடினமான பொருள், தன்னைவிடப் பல மடங்கு மென்மையான எஃகிடம் விரைவாகத் தேய்ந்துபோகும். இதனால் கடினமாக்கப்பட்ட எஃகை வேகமாக அரைக்க, கியூபிக் போரான் நைட்ரைடு என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். 1957ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கியது இது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். ஆனால் இரும்போடு அப்படிக் கரைந்து போவதில்லை.

மெதுவாக, ஈரத்தோடு, கையால் மெருகேற்றும்போது அந்த வெப்பம் வராது. அப்போது எஃகுக்கு வைரப் பசை நன்றாகவே வேலை செய்யும். பொருள் ஒன்றே, வேகம் மாறினால் விடையும் மாறுகிறது.

சிலிக்கன் கார்பைடுக்கும் ஓரளவு இதே நிலைதான். எஃகை இயந்திரத்தில் அரைக்கப் பொதுவாக அலுமினியம் ஆக்சைடு சக்கரம். வார்ப்பிரும்பு, பித்தளை, கண்ணாடி, கல் ஆகியவற்றுக்குச் சிலிக்கன் கார்பைடு என்பது பட்டறை வழக்கம்.

தாளின் பின்புறம் உள்ள எண்

மணல்தாளின் பின்புறம் 120, 240, 400 என்று எண் இருக்கும். துகள்களைச் சலித்துப் பிரித்த காலத்து வழக்கத்திலிருந்து வந்தது இது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் கொண்ட சல்லடை என்பதே அடிப்படை. கண்கள் கூடினால் ஓட்டை சிறிது; ஓட்டை சிறிதானால் துகள் நுண்ணியது. எனவே எண் பெருகப் பெருகத் தாள் மென்மையாகும்.

ஆனால் எல்லா எண்களும் ஒன்றல்ல. எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவுகோல். பி120 தாளின் துகள் சராசரியாக 125 மைக்ரோமீட்டர். பி240ல் ஏறக்குறைய 58. பி400ல் 35. பி800ல் 22. பி1200ல் 15. பி2500ல் 8. ஒப்பிட்டுப் பார்க்க, நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர்.

பழைய அமெரிக்க அளவுகோலில் 600 என்று இருந்தால் அதன் துகள் சுமார் 16 மைக்ரோமீட்டர். அதாவது ஐரோப்பிய பி1200க்கு அருகில். இரண்டு கடைகளில் வாங்கிய இரண்டு '600' தாள்கள் ஒன்றுபோல வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், மெருகேறிய பரப்பில் மறுபடி கீறல் விழும்.

கீறலைக் கீறலால் நீக்குதல்

மெருகேற்றுதல் என்பது கீறல்களை அழிப்பது என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. பெரிய கீறல்களை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் சிறிய கீறல்களைப் போடுகிறோம். பிறகு அவற்றையும் எடுத்து, இன்னும் சிறியவற்றைப் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல் சிறிதாகும்போது பரப்பு கண்ணாடிபோல் தெரிகிறது.

பொறியியல் பயிலும் மாணவர்கள் பொருளியல் ஆய்வகத்தில் இதை நேரில் பார்ப்பார்கள். நுண்ணோக்கியில் உலோகத்தின் உள்ளமைப்பைக் காண, முதலில் சிறு உலோகத் துண்டைத் தாள்களில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 பாகை திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தைய கட்டத்தின் கீறல்கள் குறுக்காகத் தெரியும். அவை முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போகலாம். அதன்பின் துணியில் 9, 3, 1 மைக்ரோமீட்டர் என வைரப் பசைகள் வரும்.

இதில் அவசரப்படுபவர் இழப்பது நேரத்தைத்தான். பி240லிருந்து நேராக பி1200க்குத் தாவினால், நுண்ணிய தாள் மேடுகளைத் தடவிக்கொடுக்குமே தவிரப் பள்ளங்களை எட்டாது. அரை மணி நேரம் தேய்த்தாலும் ஆழமான கோடுகள் அப்படியே நிற்கும். அதுவும் பளபளப்புக்கு நடுவே இன்னும் தெளிவாகத் தெரியும். எண்ணை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது பாதுகாப்பான வழி. 240க்குப் பிறகு 400, பிறகு 800, பிறகு 1200.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கையையும் பொருளையும் கழுவுவதும் முக்கியம். முந்தைய தாளின் ஒரே ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலும், அடுத்த கட்டத்தில் நீண்ட கீறல் ஒன்றைப் போட்டுவிடும்.

சுத்தம் வேறு, மெருகு வேறு

தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் குத்துவிளக்கைப் புளியால் தேய்ப்பார்கள். பிறகு சாம்பலோ விபூதியோ கொண்டு துலக்குவார்கள். இந்த இரண்டு படிகளும் இரண்டு வெவ்வேறு வேலைகள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறுப்பையும் களிம்பையும் கரைக்கிறது. அது தேய்ப்பதில்லை, கரைக்கிறது. சாம்பலின் நுண்துகள்களே தேய்த்து மினுமினுப்பைத் தருகின்றன. செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்தால் வேகமாகத்தான் சுத்தமாகும். ஆனால் சில ஆண்டுகளில் விளக்கின் நுண்வேலைப்பாடு மழுங்கிவிடும். செங்கல் தூளில் இருக்கும் மணல், பித்தளையைவிட மிகக் கடினமானது.

இயந்திரப் பாகத்துக்கும் இதே முறை பொருந்தும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதற்குக் கரைப்பான் போதும். துரு மெல்லியதாக இருந்தால் அதற்கேற்ற அமிலக் கரைசல் இருக்கிறது. தேய்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அழுக்கோடு கொஞ்சம் உலோகமும் போகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பொருந்தாமல் போகும் பாகங்கள் இயந்திரங்களில் ஏராளம்.

தேய்த்தே ஆக வேண்டுமென்றால், நீக்க வேண்டிய அழுக்கைவிடக் கடினமாகவும், இருக்க வேண்டிய உலோகத்தைவிட மென்மையாகவும் உள்ள பொருளைத் தேடலாம். இதற்கு அழகான சான்று நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலை. அதன் செப்புத் தோல் 2.4 மில்லிமீட்டர் தடிமன்தான். 1986ல் நூற்றாண்டு விழாவுக்காகப் புதுப்பித்தபோது, உட்புறத்தில் பல அடுக்குச் சாயமும் தாரும் படிந்திருந்தன. மணலை வீசினால் செம்பு போய்விடும். சாயத்தைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து உதிர்த்தார்கள். அதற்கும் அசையாத தாரை, காற்றழுத்தத்தில் சமையல் சோடாவை வீசி எடுத்தார்கள். சமையல் சோடாவின் கடினம் சுமார் 2.5, செம்பைவிடக் குறைவு. தார் உதிர்ந்தது, செம்பு தப்பியது.

ஆனால் அங்கேயும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சோடாத் தூள் இடுக்குகள் வழியாக வெளிப்புறத்துக்குக் கசிந்து, சிலையின் புகழ்பெற்ற பச்சைப் படலத்தை ஆங்காங்கே நீலமாக மாற்றத் தொடங்கியது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே வேலையைத் தொடர வேண்டியிருந்தது. மென்மையான பொருள் கீறாது. அதற்காக அது வேதிவினை புரியாது என்று பொருளில்லை.

இன்னொரு சான்று நம் சாலைகளில் ஓடுகிறது. இன்றைய பல கார்களில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. முன்பு உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோலே கழுவிக்கொண்டிருந்தது; இப்போது அது அந்த வழியாகப் போவதில்லை. அதனால் வால்வுகளில் கரி படிகிறது. அதை எடுக்க வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் வீசுகிறார்கள். ஓடு கரியை உதிர்க்கும். எஃகு வால்வைக் கீறாது. விமானங்களின் சாயத்தை உரிக்கப் பிளாஸ்டிக் மணிகளை வீசுவதும் இதே கணக்குதான்.

கண்ணாடி மணிகளும் உண்டு. அவை உருண்டையானவை, வெட்டாமல் தட்டும். அதனால் மங்கலான, சீரான வெள்ளிப் பரப்பு கிடைக்கும். ஆனால் பிஸ்டனின் வளையப் பள்ளங்களிலும் எண்ணெய்த் துளைகளிலும் ஒரு மணி சிக்கிக்கொண்டாலும் பிறகு எஞ்சினுக்குள் சுற்றும். துளைகள் நிறைந்த பாகத்துக்குத் தண்ணீரில் கரைந்துவிடும் சோடா பாதுகாப்பானது.

கண்ணாடிபோல் இருந்தால் கெடுதல்

எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரை எவ்வளவு வழுவழுப்பாக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. அந்தச் சுவரில் பொறியாளர்கள் வேண்டுமென்றே கீறல் போடுகிறார்கள். 'ஹோனிங்' என்ற முறையில், சுழன்றுகொண்டே மேலும் கீழும் நகரும் கற்கள், ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகளை வரைகின்றன. அந்தப் பள்ளங்களில் எண்ணெய் தங்கும். பிஸ்டன் வளையங்கள் அந்த எண்ணெய்மீது வழுக்கிச் செல்லும். சுவர் கண்ணாடிபோல் ஆகிவிட்டால் எண்ணெய் நிற்க இடமில்லை; வளையங்கள் சரியாகப் பதியா; எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும்.

மறுபக்கம், சில பாகங்களுக்கு ஒரு கீறலே ஆபத்து. விமானத்தின் உந்துவிசிறித் தகட்டில் கல் பட்டுச் சிறு வெட்டு விழுந்தால், பராமரிப்பாளர்கள் அதை அரத்தால் சரித்து, நுண்ணிய தாளால் வழுவழுப்பாக்குவார்கள். அழகுக்காக அன்று. மீண்டும் மீண்டும் விசை தாங்கும் உலோகத்தில், கூர்மையான பள்ளத்தின் அடியில் விசை குவியும். அங்கேதான் விரிசல் தொடங்கும். விசை செல்லும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் இன்னும் மோசம். இங்கே மெருகு என்பது பாகத்தின் ஆயுள்.

ஆக, 'எவ்வளவு பளபளக்க வேண்டும்' என்ற கேள்விக்கு விடை பாகத்தின் வேலையில் இருக்கிறது. நம் கண்ணில் இல்லை.

மென்மையான உலோகம் துகளை விழுங்கும்

முதலில் சொன்ன எஞ்சினுக்குத் திரும்புவோம். பேரிங்கின் உட்பரப்பு மென்மையான உலோகக் கலவையால் ஆனது. அதன்மேல் சுழலும் தண்டு கடினமான எஃகு. இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம், விசை மிகும் இடத்தில் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குக் குறையும். பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர் துகள் ஒன்று அங்கே வந்தால் என்ன ஆகும்?

அது மென்மையான பேரிங்கில் குத்தி நின்றுவிடும். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பேரிங் இப்போது மணல்தாளாகிவிட்டது. சுழலும் ஒவ்வொரு முறையும் தண்டைக் கீறும். மென்மையான உலோகம் தப்பிக்க, கடினமான உலோகம் தேயும் விந்தை இது.

இதே விந்தையைப் பயன்படுத்தியே 'லேப்பிங்' என்ற மெருகேற்றும் முறை இயங்குகிறது. வார்ப்பிரும்புத் தட்டில் துகள்களைப் பதித்து, அதைவிடக் கடினமான எஃகைத் தட்டையாக்குவார்கள். வேண்டிய இடத்தில் நடந்தால் தொழில்நுட்பம். வேண்டாத இடத்தில் நடந்தால் பழுது.

எனவே, தேய்த்து முடித்த பிறகு கழுவுவதும் தேர்வின் ஒரு பகுதியே. ஹோனிங் செய்த சிலிண்டரை மண்ணெண்ணெயால் மட்டும் துடைத்தால் துகள்கள் கீறல்களுக்குள்ளேயே தங்கும். சூடான சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கும்போது துணி வெள்ளையாகவே இருந்தால் வேலை முடிந்தது. உடனே எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் துரு வந்துவிடும்.

துருப்பிடிக்கா எஃகுக்கு இன்னொரு எச்சரிக்கை. சாதாரண எஃகுக் கம்பித் தூரிகையாலோ இரும்பு நாராலோ அதைத் தேய்த்தால், இரும்புத் துணுக்குகள் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சில நாளில் அவை துருப்பிடிக்கும். 'எவர்சில்வர் துருப்பிடித்துவிட்டது' என்று நினைப்போம். உண்மையில் துருப்பிடித்தது தூரிகையின் துணுக்கு. அதற்கென்று தனியாகத் துருப்பிடிக்கா எஃகுத் தூரிகை வைத்துக்கொள்வதும், அதை வேறு உலோகத்தில் பயன்படுத்தாமல் இருப்பதும் நல்ல பழக்கம்.

தூசி: கவனிக்கப்படாத பங்காளி

தேய்த்து எடுத்த உலோகம் எங்கே போகிறது? காற்றில் கலக்கிறது. இயந்திரத்துக்கு வந்த ஆபத்தைவிட மனிதருக்கு வரும் ஆபத்து பெரிது.

'மணல்வீச்சு' என்ற பெயருக்கு ஏற்ப, ஒரு காலத்தில் உண்மையான மணலையே வீசித்தான் உலோகத்தைச் சுத்தம் செய்தார்கள். மணல் உடையும்போது கிளம்பும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். அதைக் குணப்படுத்த வழியில்லை. பிரிட்டன் 1949லேயே விதி இயற்றி, வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதைத் தடைசெய்தது. இன்று கார்னெட், தாமிரக் கசடு, எஃகுத் துகள் போன்றவை கப்பல் பட்டறைகளில் பயன்படுகின்றன. பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது.

அலுமினியத் தூசி வேறு வகையில் ஆபத்தானது. அது எரியும், காற்றில் போதிய அளவு கலந்திருந்தால் வெடிக்கும். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களை மெருகேற்றும் தொழிற்சாலையில் அப்படித்தான் நடந்தது. முறையாகச் சுத்தம் செய்யப்படாத தூசி சேகரிப்பு அமைப்பில் தொடங்கிய வெடிப்பு பட்டறை முழுவதும் பரவியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் எண்ணிக்கை 146ஐ எட்டியது. அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, உலோகத்தைப் பளபளப்பாக்குவது.

சிங்கப்பூருக்கும் தூசியின் ஆபத்து புதிதன்று. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸ் பட்டறை ஒன்றில் கலவை இயந்திரம் வெடித்தது. அதைத் தொடர்ந்து அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் தீப்பற்றின. ஊழியர்கள் மூவர் உயிரிழந்தனர். உலோகமோ மாவோ, காற்றில் மிதக்கும் அளவுக்கு நுண்ணியதானால் எரியும் பொருள் எதுவும் விளையாட்டுப் பொருள் அன்று.

பள்ளிப் பட்டறையில் நாம் உருவாக்கும் தூசி அவ்வளவு இல்லை. ஆனால் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் தொட்டுக் கையால் தேய்த்தால் தூசி பறக்காது. எஃகையும் அலுமினியத்தையும் ஒரே அரைக்கும் சக்கரத்தில் தேய்க்கக் கூடாது. எஃகின் தீப்பொறியும் அலுமினியத் தூசியும் சேரக் கூடாதவை. முகக்கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும். சுழலும் சக்கரத்தின் அருகே தளர்ந்த கையுறையும் தொங்கும் சட்டைக் கையும் வேண்டாம்.

தாளை எடுக்கும் முன்

அடுத்த முறை ஓர் உலோகப் பாகத்தைக் கையில் எடுக்கும்போது இந்த வரிசையில் யோசித்துப் பாருங்கள்.

1. நீக்க வேண்டியது என்ன? பிசுக்கா, துருவா, கரியா, பிசிறா, கீறலா? கரைத்தே எடுக்க முடியுமானால் தேய்க்க வேண்டாம்.

2. இருக்க வேண்டியது என்ன? அளவு மாறக் கூடாத பாகமா? எண்ணெய் தங்க வேண்டிய பரப்பா? விசை தாங்கும் பரப்பா?

3. இரண்டுக்கும் நடுவே கடினம் உள்ள பொருள் கிடைக்குமா? கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

4. எந்தத் துகள் அளவில் தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும்? கீறலை எடுக்கப் போதுமான நுண்மையில் தொடங்குங்கள். பாகத்தின் வேலைக்குப் போதுமான இடத்தில் நிறுத்துங்கள். எண்ணுக்கு முன் 'பி' இருக்கிறதா என்று பாருங்கள்.

5. தேய்த்த துகள் எங்கே போகும்? பாகத்திலிருந்து கழுவ முடியுமா? காற்றில் கலந்தால் யார் சுவாசிப்பார்கள்?

சிலேத்தார் விண்வெளிப் பூங்காவில் விமான எஞ்சின் பாகங்களைப் புதுப்பிப்பவர்களும், துவாஸ் கப்பல் பட்டறைகளில் உந்துவிசிறிகளைத் துலக்குபவர்களும் அன்றாடம் விடை காணும் கேள்விகள் இவை. பட்டறைப் பாடத்தில் 400க்கும் 800க்கும் நடுவே பொறுமை இழக்கும் மாணவர், அதே துறைக்கான முதல் பாடத்தைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

தாளைத் திருப்பிப் பின்புறம் உள்ள எண்ணைப் படியுங்கள். பிறகு பாகத்தைப் பாருங்கள். தேய்ப்பது அதற்குப் பின் இருக்கட்டும்.